நரம்பு சாரும் சேற்றுக் கையும்

குத்தாலத்தில் எல்லோருடைய கையையும் தெரிந்துவைத்துக்கொண்டு, ஒருவருடைய முகமும் தெரியாமல் முப்பது வருடம் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் லேபின் நரம்பு சார்தான். ரத்தம் எடுக்கும்போது குனிந்த தலையை அவர் நிமிர்த்தியதே இல்லை. நரம்பைத் தட்டுவார், குத்துவார், பஞ்சை வைத்து அழுத்தச் சொல்வார். கைக்கு மேலே ஒரு முகம் இருக்கிறது என்பது அவருக்கு அனாவசியமான தகவல்.

கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் மலங்க மலங்க விழிப்பார். விவரம் தெரிந்தவர்கள் சட்டைக் கையை மடித்து முழங்கையை நீட்டிவிடுவார்கள். உடனே முகம் மலர்ந்து, வலது கையில் நழுவுகிற நரம்பா, சுகர் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவே இப்படிக் கையை நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். முழுக்கைச் சட்டை போட்ட மாப்பிள்ளை யாரென்றுதான் சாருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

நான் அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ரத்தம் எடுத்த பிறகு, ஆளிடமே பெயரைக் கேட்டுத்தான் டியூபில் எழுத வேண்டும். படிப்பில் முதல் பாடமே அதுதான். காலைக் கூட்டத்தில் நேரம் மிச்சமாகட்டும் என்று நான் டோக்கன் வரிசைப்படி முன்கூட்டியே பெயர் எழுதி ஸ்டாண்டில் அடுக்கிவிட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு வேறு.

அன்றைக்கு நாலாவது டோக்கன் சாதிக். குவைத்துக்கு வேலை கிடைத்திருந்தது. சென்னையில் மெடிக்கல் டெஸ்டுக்குப் போகுமுன் எதற்கும் இங்கே ஒருமுறை பார்த்துக்கொள்ள வந்திருந்தார். ஐந்தாவது கோவிந்தராஜ். நடவுக்கு ஆள் இறங்கிவிட்டது என்று அவர் பரபரக்க, சாதிக் அவரைத் தனக்கு முன்னால் விட்டுவிட்டார். உள்ளே இருந்த எனக்கு அது தெரியாது. நரம்பு சார் வழக்கம்போல ஸ்டாண்டில் அடுத்திருந்த டியூபை எடுத்து நிரப்பினார்.

மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. சாதிக்கின் கிரியாட்டினின் நாலரை. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய எண் அது. கிட்னி போய்விட்டதா என்று சாதிக் மெல்லக் கேட்டார். கூட வந்திருந்த அவருடைய அப்பா பெஞ்சில் உட்கார்ந்தவர் எழவே இல்லை.

நரம்பு சார் வந்து சாதிக்கின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்.

"இது அஞ்சாவதா வந்த கையில்ல? இதுக்கு முன்னாடி நாத்துப் பறிச்ச சேறோட ஒரு கை வந்துச்சேம்மா. நாலாவது டியூப்ல இருக்கிறது அந்தக் கையோட ரத்தம்."

சாதிக் பெயர் எழுதிய டியூபில் இருந்தது கோவிந்தராஜின் ரத்தம். கோவிந்தராஜுக்கு எல்லாம் நார்மல் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியாகிவிட்டது. போன் அடித்தால் எடுக்கவில்லை. நான் சாதிக்குக்கு மறுபடி ரத்தம் எடுப்பதற்குள் சார் கோவிந்தராஜின் வயலுக்கு மொபெட்டில் கிளம்பிவிட்டார்.

பின்னாலேயே ஓடினால், வரப்பில் நின்றுகொண்டு ஆண்களை எல்லாம் வாய்க்காலில் கை கழுவிக் காட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அரசாங்கம் ஏதோ கொடுக்கிறது என்று நினைத்துப் பக்கத்து வயல்காரரும் வரிசையில் கையை நீட்டியிருந்தார். கோவிந்தராஜ் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்டேன். ஏழாவதாக நின்றவர் திரும்பினார்.

மறு பரிசோதனையில் எல்லாம் தெளிவாயிற்று. சாதிக் குவைத்துக்குப் போனார். கோவிந்தராஜைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்லவேளை இப்போதே வந்தீர்கள் என்றாராம் டாக்டர்.

லேப் ஓனர் எல்லோரையும் நிற்கவைத்து, யார் செய்த வேலை இது என்று கேட்டார். நான் நரம்பு சாரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தாங்க மாத்திட்டேன்" என்றார் நரம்பு சார். "வயசாச்சு, குழம்பிடுது."

அரைமணி நேரம் திட்டு வாங்கினார். மறுநாள் தாங்க முடியாமல், பெயரை முன்னாலேயே எழுதியது நான்தான், உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன்.

"அப்படியா?" என்று விழித்தார். "நான்தான் குழம்பிட்டேன்னு நெனச்சேன்மா." அடுத்த கையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

தெரிந்தே பழியை ஏற்றாரா, நிஜமாகவே குழம்பினாரா? இத்தனை வருடம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும், அவர்மேல் எனக்கிருக்கும் பிரியம் ஒரு சொட்டுகூடக் குறையாது.