முறிந்த ஷாஃப்ட் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. பட்டறையைத் தவிர இங்கு யாவரும் நலம். தங்கள் நலமும் என் மகள் நலமும் அறிய ஆவல். நிற்க.

இன்று காலை பேக்கரிக்காரர் போன் செய்தார். மாவு பிசையும் மெஷினில் சுழலும் ஷாஃப்ட் தண்டு முறிந்துவிட்டதாம். அவர்கிட்ட இருக்கறதே ரெண்டு மெஷின். ஒண்ணுல நான் கடைஞ்சு கொடுத்த கெட்டி இரும்பு ஷாஃப்ட், இன்னொண்ணுல நீங்க நடுவுல நீளத்துக்கும் ஓட்டை போட்டுக் கொடுத்தது. எது முறிஞ்சதுன்னு நான் கேக்கவே இல்ல, கேக்கணுமா என்ன? அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீங்கதான் பட்டறைத் தரையில சாக்பீஸால வட்டம் போட்டு, "முறுக்கும்போது நடு மையத்துல பாரம் பூஜ்யம் மாமா, வெளியே வர வர ஏறும், மேல்தோல்லதான் உச்சம், நடுவுல இருக்கற இரும்பு சும்மா உக்காந்திருக்கு"ன்னு பாடம் நடத்தினீங்க. டீ கொண்டு வந்த உங்க அத்தை, "இந்த வீட்டுலயும் அப்படித்தான் மாப்பிள்ளை"ன்னு என்னைப் பார்த்தா.

அதோட விட்டீங்களா? நான் செய்யற ஒவ்வொரு ஷாஃப்ட்லயும் அடையாளமா மூணு கோடு உளியால ஆழமா வெட்டுவேன், இருபத்தெட்டு வருஷப் பழக்கம். "உச்ச பாரம் வர்ற இடத்துலயே கீறி வெக்கறீங்களே, அங்கதான் விரிசல் ஆரம்பிக்கும்"னீங்க. முன்ன ரெண்டு மூணு முறிஞ்சதுண்டு, இல்லேங்கல, அது இரும்பு சரியில்லாம. நீங்க வந்துட்டுப் போன நாள்லேர்ந்து என் உளியைக் காணோம். யார் மேலயும் பழி போட மாட்டேன், ஆனா அன்னைக்குப் பட்டறைக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான். உங்க ஷாஃப்ட் கோடே இல்லாம மொட்டையாப் போச்சு.

வேலையை விட்டுட்டு முதல் தேதியிலேர்ந்து என்னோட பட்டறையில சேர்றேன்னு ஆசையாக் கேட்டிருந்தீங்க. அந்தப் பேச்சை இத்தோட விட்டுடுங்க. மகள் அழுதாலும் என் மனசு இளகாது.

இருவரும் நோய்நொடியின்றி, பட்டறைக்குச் சற்றுத் தொலைவிலேயே, பல்லாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது பேக்கரிக்காரர் முறிஞ்சதைக் கொண்டு வந்து மேஜையில போட்டார். நடுவுல ஓட்டை இல்ல. சரியா என் மூணாவது கோட்டுல முறிஞ்சிருக்கு. உங்களுது அங்க ஜம்முனு ஓடிக்கிட்டிருக்காம், அதே மாதிரி இன்னொண்ணு வேணுங்கறார். உங்க அத்தை அந்த முறிஞ்ச துண்டுக்குப் பக்கத்துலயே டீயை வெச்சுட்டுப் போனா. அதுக்கு அவ திட்டியே இருக்கலாம். மேல எழுதினதைக் கிழிச்சுப் போட்டிருப்பேன், ஆனா யார்கிட்ட வேலைக்கு வர்றோம்னு நீங்களும் தெரிஞ்சுக்கிட்டே வரணும் இல்லையா. முதல் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம் மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமையே வாங்க. உளியை மட்டும் கொண்டு வராதீங்க.