ஜாஸ் கச்சேரியில் நான் உருவிய நூல்

திருப்பூர்க்காரர்களை எந்தக் கச்சேரியிலும் முன்வரிசையில் உட்கார வைக்கக் கூடாது. நாங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சட்டையைப் பார்த்துவிடுவோம். கல்யாண வீட்டில் கைகுலுக்கிய கையோடு எதிராளியின் பனியன் விளிம்பைத் திருப்பித் தையலைப் பார்ப்பது எங்கள் ஊரில் நலம் விசாரிக்கிற மாதிரி. எங்காவது நூல் தொங்கினால் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. (பிசிறோடு ஒரு பீஸ் போனால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயம், வேறொன்றுமில்லை.)

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நல்லூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிரேசிலிலிருந்து மார்கோஸ் என்ற பையர் பெரிய ஆர்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய நண்பர்களின் இசைக்குழு அப்போது இந்தியாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவரைக் குளிர வைக்க முதலாளி அந்தக் குழுவையே வரவழைத்து, ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி வைத்துவிட்டார். வாசிப்பவர்கள் எல்லோருக்கும் எங்கள் பச்சைப் பனியன். ஆர்டருக்குக் காட்டிய அதே மாடல்.

"தம்பி, நீங்க பையர் பக்கத்துலயே உக்காந்துக்கங்க. அவரு சிரிச்சா சிரிங்க, கை தட்டுனா தட்டுங்க. இந்த ஆர்டர் வந்துட்டா உங்க வேலையும் பர்மனென்டுங்க" என்றார் முதலாளி.

என் இசை ஞானம் மாரியம்மன் நோம்பி மைக் செட்டோடு சரி. முதல் பத்து நிமிடம், இன்னும் சுருதி சேர்க்கிறார்கள் என்றே நினைத்தேன். டிரம்பெட் ஒரு பக்கம் போகிறது, கிளாரினெட் இன்னொரு பக்கம் போகிறது, நீளமான குழலை இழுத்து இழுத்து ஊதுகிறவர் யாரையும் சட்டை செய்யவில்லை. ஆனால் எல்லோரும் எப்படியோ ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள். எப்படி என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. "ஊதுவது பழைய காலத்து ஜாஸ். அடிக்கிற மேளமெல்லாம் எங்கள் ஊருடையது" என்று மார்கோஸ் இங்கிலீஷில் காதோடு சொன்னார்.

அந்த மேளங்களில் ஒன்றுதான் என்னைக் கெடுத்தது. வாசித்தவர் அதை அடிக்கவே இல்லை. ஒரு கையை மேளத்துக்குள் விட்டு என்னவோ செய்தார். அது நாய்க்குட்டி மாதிரி முனகியது, திடீரென்று சிரித்தது. உள்ளே என்ன இருக்கிறது? நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்ததில் பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "ஏனுங்க, கொஞ்சம் தலைய எறக்குங்க" என்று அதட்டினார்.

கடைசிப் பாட்டில் குழு முழுவதும் வாசித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி, சாமி ஊர்வலம் போல வரிசைகளுக்கு நடுவே வந்தது. மேளக்காரர் சரியாக என் முன்னால் வந்து நின்றார். உள்ளே பார்க்கத்தான் குனிந்தேன், சத்தியமாக. கண்ணில் பட்டதோ அவர் பனியனின் கீழ் மடிப்பில் தொங்கிய நூல்.

கை தானாகப் போனது. ஒரே சுண்டில் அறுந்துவிட வேண்டிய நூல் அறாமல் சர்ரென்று கூடவே வந்தது. தையல் முடிகிற இடத்தில் நூலை யாரோ முடிச்சுப் போட்டு அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அவர் நடக்க ஆரம்பித்தார். மடிப்பு சுற்றிலும் பிரிய, நூல் என் கையிலிருந்து அவர் இடுப்பு வரை நீண்டது. அறுப்பதற்காக வெடுக்கென்று இழுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார், நூலைப் பார்த்தார், மேளத்தில் 'குய்ங்' என்றார். பதறி மறுபடி இழுத்தேன். 'குய்ங், குய்ங்!' டிரம்பெட்காரரும் சேர்ந்துகொண்டார். எங்கே கை தட்டுவது என்று அதுவரை தெரியாமல் உட்கார்ந்திருந்த மண்டபம் இதுவும் நிகழ்ச்சியில் உள்ளது என்று நினைத்து விசிலடித்தது. மார்கோஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். உத்தரவுப்படி நானும் சிரித்தேன்.

பிறகு மார்கோஸ் சிரிப்பதை நிறுத்தினார். அது எந்த மாடல் பனியன் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கச்சேரி முடிந்ததும் முதலாளி என்னை வாசலுக்கு அழைத்துப் போனார். கோபத்திலும் அவருக்கு மரியாதை குறையாது. "ஏனுங்க தம்பி, கை தட்டுங்கன்னு சொன்னனுங்களா, ஆளை அவுத்து உடுங்கன்னு சொன்னனுங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் மார்கோஸ் ஆர்டரைக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. பெட்டியில் போடும் முன் ஒவ்வொரு பனியனின் மடிப்பையும் ஒருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதையும் அவரே விரல் நீட்டிக் காட்டினார். வேலை பர்மனென்ட் ஆனது. ஊரில் என் பெயர் 'நூல் உருவி' என்று ஆனதும் பர்மனென்ட்தான்.

அடுத்த வருடம் குண்டடத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அண்ணன் நல்லூரில் கட்டிங் மாஸ்டர், அதனால் எனக்கு முன்பே கதை போய்விட்டது. "கண்ணு, எது தொங்குனாலும் கைய மடியிலயே வெச்சுக்கோ" என்று அம்மா வேனிலேயே எச்சரித்திருந்தார். காபித் தட்டோடு வந்த பெண்ணின் சேலை ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பச்சை நூல். நான் மின்விசிறியைப் பார்த்தேன், காலண்டரைப் பார்த்தேன், காபியை ஊதினேன். அவள் திரும்பிய நொடியில் கை போய்விட்டது. நூல் முழுசாகக் கையோடு வந்தது. வேண்டுமென்றே ஒட்டி வைத்த நூல்.

"எடுத்துப்போட்டாருங்க அண்ணி! நாஞ்சொன்னனுங்கல்ல?" என்று அவள் உள்ளே பார்த்துக் கத்த, வீடே சிரித்தது.

இன்றுவரை எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அவள் என்னை அறிமுகம் செய்வது ஒரே மாதிரிதான்.

"இவருதானுங்க எங்க ஊட்டுக்காரரு. சட்டைய உள்ள உட்டுக்கிட்டு உக்காருங்க."