மலையைச் சவுட்டிய மாப்பிள்ளை

சமவெளியில் பிறந்து வளர்ந்தவன் மலையைப் பற்றி எது சொன்னாலும் நம்பாதீர்கள். பொய் சொல்வான் என்பதற்காக அல்ல. மனதார நம்பித்தான் சொல்வான், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்தவன். அப்பாவுக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். ஆக, பரம்பரையாகவே மலையில்லாத வம்சம். எங்கள் வட்டாரத்தில் மலை மனிதர்களின் பெயரில் மட்டும்தான் உண்டு. அண்ணாமலை, திருமலை, ஏழுமலை என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள் (ஒருத்தரும் உயரமாக இருக்க மாட்டார்கள்).

அப்படியிருந்தும், "எங்க ஊர்ல மலை இருக்கு" என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணைத்தான் எனக்குப் பார்த்திருந்தார்கள்.

சுபா நாகர்கோவில்காரி. ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி என்ற கட்டத்தில் போனில் பேசிக்கொள்ள எங்களுக்கு அனுமதி கிடைத்தது. குவார்ட்டர்ஸ் எப்படி, வேலை பெர்மனென்டா என்பதையெல்லாம் அவள் வீட்டார் ஏற்கெனவே விசாரித்திருந்தார்கள். அவள் கேட்டது வேறு.

"உங்க ஊருல மலை உண்டா?"

"இருக்கே! மொட்டை மாடியில நின்னா நல்லாத் தெரியும்."

"உள்ளதா?" குரலே மலர்ந்துவிட்டது. "எனக்குக் காலையில எழும்பினா மலை தெரியணும். இல்லைன்னா சொவரு இல்லாத வீட்டுல கெடக்க மாதிரி இருக்கும். சென்னையில படிச்ச காலம் பூரா அழுதுட்டேதான் இருந்தேன். கடல் இல்லாம கூட இருந்துருவேன். மலை இல்லாம ஆகாது."

"நான் வாரா வாரம் ஏறுவேன்" என்று சேர்த்துக்கொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தையும் பொய் கிடையாது. எங்கள் ஊரில் நிலக்கரி பூமிக்கு அடியில் கிடக்கிறது. அதன்மேல் மூடியிருக்கும் மண்ணை வெட்டி எடுத்து ஒரு பக்கமாகக் கொட்ட வேண்டும். கொட்டிக் கொட்டி அது மேடாகி, மேட்டில் மரம் நட்டு, மரமெல்லாம் காடாகி, நான் பிறப்பதற்குள் மலையாகவே ஆகிவிட்டது. வீட்டில் எல்லோரும் அதை மலை என்றுதான் சொல்வோம். சாயந்தரம் சூரியன் அதன் பின்னால்தான் இறங்கும். மலை என்பதற்கு இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

அன்று சாயந்தரமே அதில் ஏறி நின்றேன். கீழே எங்கள் பிளாக்கின் வேப்பமரங்கள், தூரத்தில் வடலூர்ப் பக்கம் பஸ் விளக்குகள். சுபா என் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன். முகம் தெரியும், குரல் தெரியும், ஆள் மட்டும் அறுநூறு காததூரத்தில் இருப்பது போல ஒரு ஏக்கம். ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பினேன். படத்தில் என் மூஞ்சியும் வானமும்தான் இருந்தன. அதுதான் வினை.

சுபாவின் அண்ணன் குமார் போன் செய்தார். "மாப்ள, நீங்க பெரிய மலையேறியாமே! நிச்சயத்துக்கு முன்ன ஒரு நாளு வாங்க. காலையில மருந்துவாழ் மலை ஏறுவோம். எறங்கி வட்டக்கோட்டைக்குப் போய்க் கடலைப் பாப்போம். மலை, கோட்டை, கடலு மூணையும் ஒரே பகல்ல பாத்துரலாம்."

துணைக்கு ஏழுமலையைக் கூட்டிக்கொண்டேன். கம்மாபுரம் பக்கத்துக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன், வாரா வாரம் என்னோடு மலை ஏறுகிறவன், மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. வெறுங்கையோடு போகக் கூடாதென்று பண்ருட்டியில் முழுசாக ஒரு பலாப்பழம் வாங்கி ரயிலில் ஏற்றினோம். நாகர்கோவிலில் சுபா வீட்டுக் கேட்டைத் திறந்தால், இடது பக்கம் பலாமரம், வலது பக்கம் பலாமரம். கொல்லன் தெருவில் ஊசி விற்றவனாக நின்றேன்.

"இன்னாடா இது, நம்ம பழத்தோட சொந்தக்காரங்க எல்லாம் இங்கதான் தொங்கிகினு இருக்காங்க" என்றான் ஏழுமலை.

ஆனால் பலாப்பழம் வெறும் முன்னுரைதான். விபரீதத்தைக் காலில் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

டவுன்ஷிப் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சேஃப்டி ஷூ போட்டால் உலகத்தில் எதையும் சமாளிக்கலாம். மைன்ஸ் வேலைக்குத் தரும் ஷூ, முனையில் இரும்புத் தகடு வைத்தது. நாங்கள் அதை ஷிப்டுக்கும் போடுவோம், கல்யாணப் பந்திக்கும் போடுவோம், வடலூர்த் தைப்பூசக் கூட்டத்துக்கும் போடுவோம் (எவன் மிதித்தாலும் கவலையில்லை). கிளம்பும்போது அப்பா, "மலைங்கிறே, புது ஜோடியைப் போட்டுக்கோ" என்று பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். மலை ஏறும் முறையும் எனக்கு அத்துப்படி. ஷூ முனையால் மேட்டை ஓங்கி ஒரு குத்து குத்த வேண்டும். மண்ணில் குழி விழும். அதில் காலை வைத்து ஏற வேண்டும். அடுத்த குத்து. இப்படித்தான் வாரா வாரம் ஏறினேன்.

மருந்துவாழ் மலையின் அடிவாரத்தில் படிக்கட்டு இருந்தது. அதுவரை என் மானம் பத்திரமாக இருந்தது. குமார் வெறுங்காலோடு முன்னே போனார், சுபா சாதாரண ரப்பர் செருப்போடு பின்னால் வந்தாள். படி முடிந்து பாறை ஆரம்பித்தது. சுபா பார்க்கிறாள் என்ற உற்சாகத்தில் நான் பழக்கப்படி ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

டங்!

பாறையில் குழி விழவில்லை. என் முழங்காலில்தான் ஏதோ விழுந்தது. சரி, போதுமான வேகம் இல்லை போலும் என்று அடுத்த குத்து. டங்! காலுக்குச் சொந்த புத்தி கிடையாது, பழக்கம்தான் உண்டு. நான் வேண்டாம் என்று நினைத்தாலும் ஒவ்வொரு அடிக்கும் அது ஓங்கிக் குத்தியது. மலை முழுக்கக் கோயில் மணி போல எதிரொலித்தது.

குமார் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, மலையை என்னத்துக்குச் சவுட்டுதிய?"

(சவுட்டுவது என்றால் அங்கே உதைப்பது. எனக்கு அப்போது தெரியாது. ஏதோ பாராட்டுகிறார் என்று நினைத்து, "பழக்கம்தான் மச்சான்" என்று பணிவாகச் சிரித்தேன்.)

மேலேயிருந்து சாமி கும்பிட்டுவிட்டு இறங்கி வந்த ஓர் அம்மா நின்றேவிட்டார். அது சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று அங்கே எல்லோரும் கும்பிடுகிறார்கள். "அனுமாரு தோளுல தூக்கிட்டுப் போன மலை. இது யாருப்பா, இரும்பு ஷூவைப் போட்டுச் சவுட்டிட்டு வாறது?" என்றார். சுபா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க கூட வந்த ஆளு இல்லை" என்று அவள் சொன்னதாக ஏழுமலை இன்றைக்கும் சாதிக்கிறான். நான் நம்பவில்லை.

உச்சிக்குப் போனபோது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வந்திருக்கும். ஆனால் நிமிர்ந்து பார்த்ததும் வலி மறந்துபோயிற்று. ஒரு பக்கம் மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் நீலமாக இன்னொரு மலை. மறு பக்கம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடல். கடல் ஓரத்தில் கறுப்பாக, சின்னதாக, ராஜா காலத்துக் கோட்டை. சுபா அந்த மலைகளைப் பார்த்த பார்வையை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். என்னை ஒருநாளாவது இவள் இப்படிப் பார்ப்பாளா என்று பொறாமையாக இருந்தது.

அப்போதுதான் அவள் கேட்டாள். "உங்க மலைக்கு என்ன பேரு?"

பேரா? எங்கள் மலைக்கு யாரும் பேர் வைத்ததில்லை. வெட்டிக் கொட்டும் அந்த மேல்மண்ணுக்கு மைன்ஸில் சொல்லும் பெயர்தான் வாயில் வந்தது.

"ஓபி."

"ஓபி மலையா?" குமாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வேலைக்குப் போவாம ஓபி அடிக்கவங்க ஏறுற மலையா மாப்ள?"

மானத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் மொபைலைத் திறந்து, எங்கள் மலையைத் தூரத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டினேன். சுபா வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். படத்தின் ஓரத்தில், நான் கவனிக்காத இடத்தில், ஒரு பெரிய இயந்திரம் அந்த மலையின் வாலில் மும்முரமாக மண் கொட்டிக்கொண்டிருந்தது.

"இது மண்ணைக் குவிச்சு வச்சிருக்கதுல்லா?" என்றாள். சிரிக்கவில்லை. மொபைலை என் கையில் கொடுத்துவிட்டு, இறங்க ஆரம்பித்தாள்.

எங்கள் மேட்டில் இறங்குவதற்கும் ஒரு முறை உண்டு. உட்கார்ந்து சறுக்கிவிட வேண்டும். அவளைப் பிடித்து விளக்கம் சொல்லும் வேகத்தில் நான் பாறையிலும் உட்கார்ந்தேன். சறுக்கினேன். பேன்ட் அங்கேயே நின்றுவிட்டது, அதாவது அதன் பின்பகுதி. மீதி வழி முழுக்க குமாரின் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, இரும்புத் தகட்டில் விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் போய் மோத, ஐயோ ஐயோ என்று இறங்கினேன். எதிரே வந்தவர்கள் ஏதோ கடுமையான வேண்டுதல் போலிருக்கிறது என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வட்டக்கோட்டைக்கு நான் குமாரின் மாற்று வேட்டியில் போய்ச் சேர்ந்தேன். மேலே வேட்டி, கீழே சேஃப்டி ஷூ. கோட்டைக்கு வெளியே கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினால், இரண்டு கட்டைவிரல் நகமும் கருத்திருந்தன. உப்புத் தண்ணீரில் காலை வைத்ததும் கண்ணீர் வந்தது. அது தண்ணீரால்தானா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. கையிலிருந்து நழுவிப் போகிறாள் என்பதும் தெரிந்தது.

சுபா வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"நீங்க பொய் சொல்லியிருந்தா எனக்கு எளுப்பமா இருந்திருக்கும். அண்ணங்கிட்ட வேண்டாம்னு சொல்லிருப்பேன். நீங்க நெசமாவே அதை மலைன்னு நினைச்சிருக்கிய. உங்களை என்ன செய்யதுன்னு தெரியல."

"எனக்கு வேற மலை தெரியாது" என்றேன். "இன்னைக்குத்தான் பார்த்தேன். நீ ஏன் அழுதேன்னு இப்ப புரியுது. இதை விட்டுட்டு வரச் சொல்ல எனக்கே வாய் வரலை."

பின்னால் நின்றிருந்த ஏழுமலை தொண்டையைக் கனைத்தான்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. அது மலை இல்லதாங்க. அதுக்கு அடியிலதான் எங்க முந்திரிக் கொல்லை கெடக்குது. எங்கப்பா காலத்துலயே மைன்ஸுக்குக் குடுத்துட்டோம். இப்பவும் மனசு சரியில்லன்னா நானு அதும் மேலதான் ஏறிகினு போவேன். மேல நின்னுகினு, இங்க கெணறு, இங்க எங்க வூடுன்னு சும்மா ஒரு கணக்கு போட்டுக்கறது. தோராயந்தான். ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா பாத்துகினு நின்னா கொஞ்சம் தேவலாம் போல இருக்கும்."

இத்தனை வருஷம் என்னோடு மேலே ஏறினவன், இதை என்னிடம் சொன்னதேயில்லை. நானும் கேட்டதில்லை.

சுபா வெகுநேரம் மலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை. "அப்ப அங்கன நிக்கதுக்கு எனக்கும் ஒரு எடம் வேணும் அண்ணே. நான் எந்தப் பக்கம் பாத்தா எங்க ஊருன்னு நீங்கதான் காட்டித் தரணும்."

"அதுக்கென்னங்க, தெற்கால பாத்துகினு நின்னா போதும்" என்றான். நான் நகத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். குமார், "மாப்ளைக்கு வலி ரொம்ப போல" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

கல்யாணம் ஆகி, சுபா நெய்வேலிக்கு வந்து, இங்கே ஒரு பெண்ணும் பிறந்துவிட்டாள். மாடியில் துணி உலர்த்தும்போது சுபா சில நாள் கையில் ஈரத்துணியோடு தெற்கே பார்த்து நிற்பாள். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். அந்த நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை. அவளுக்கு இந்த ஊர் பழகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் எந்த விசேஷமானாலும் நான் நுழைந்ததும் யாராவது ஒருவர் வாசற்படியைக் கையால் மறைத்து, "மாப்ள, சவுட்டிராதிய" என்பார். பழகிவிட்டது. ஆனால் போன லீவிலிருந்து கேலிக்கு ஆளாகும் அந்த இடத்தை என் மகள் பிடித்துக்கொண்டாள்.

மலையை நன்றாகப் பார்க்கும் வயது வந்ததும், அவளை முதன்முதலாக வட்டக்கோட்டைக்குக் கூட்டிப் போனோம். சுபா அவளைக் கோட்டைச் சுவரோரம் நிறுத்தி, அங்கிருந்து ஒவ்வொரு மலையாகக் கைகாட்டினாள். குழந்தை ரொம்ப மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கா நெய்வேலிக்காரியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, இவ்ளோ மண்ணையும் எந்தக் குழியில இருந்தும்மா எடுத்தாங்க?"

குமார் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன். சுபா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்து மெதுவாக மறுபக்கம் திருப்பி, கடலைக் காட்டினாள்.

"அன்னா, அங்க இருந்துதான் மக்ளே."

குழந்தை கடலை ஒருதரம் முழுசாகப் பார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது போலும், தலையாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கடலுக்குப் போவதில்லை. நாகர்கோவில் போனால் மைன்ஸுக்குத்தான் போகிறோம்.