வெயிலில் நிரம்பிய டயர்

எங்கள் ஸ்கூட்டரின் பின் டயர் வெயிலில் தானாகவே நிரம்பிக்கொண்டது என்று என் மனைவி சொல்கிறாள். பல வருடங்களாக எனக்கு அதில் சந்தேகம். வாய்விட்டுக் கேட்கத்தான் முடியவில்லை. நான் அறிவியல் வாத்தியார்; அதுதான் சிக்கல்.

அன்று அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். மச்சான் புது வீடு கட்டியிருந்தார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டுவார். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு தடவை, "மாப்ளே, நீங்க எப்பக் கட்டப் போறீங்க?" என்பார். ஐம்பது வயதிலும் வாடகை வீட்டில் இருப்பவன் எத்தனை குழாயைத்தான் தாங்குவான்? போவதில்லை என்று உறுதி எடுத்தேன். விடிந்ததும் வாசலுக்குப் போய்ப் பின் டயரின் காற்றை இறக்கிவிட்டேன்.

"ஏங்க, டயர் சப்பையாக் கெடக்கு!"

"பஞ்சர் இல்லம்மா. ராத்திரி குளிரு. குளிர்ல காத்து சுருங்கும். நாம ஒண்ணும் பண்ண முடியாது."

"சுருங்கினது திரும்ப விரியாதா?"

"ஏன் விரியாது? சூடு பட்டா விரியும். பாடத்துலயே இருக்கே."

அங்கேயே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். பாடம் என்று வந்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"அப்ப வெயில்ல நிறுத்தினா சரியாயிடும். நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கிறேன்."

வெற்றிக் களிப்பில் படுத்தேன். கண் சொக்கும் நேரம் உள்ளே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. மூச்சு இரைத்தது.

"கெளம்புங்க. ரொம்பிடுச்சு."

"என்னது ரொம்பிடுச்சு?"

"டயருதான். உங்க பாடம் பொய் சொல்லுமா?"

"உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"வெயிலுங்க. எனக்குள்ள இருக்கிற காத்தும் விரியுமில்ல?"

போய் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அதெப்படி என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன். வெயில் பொய் என்றால் குளிரும் பொய். குளிர் பொய் என்றால் மாட்டிக்கொள்வது நான். வண்டியை எடுத்தேன். மச்சான் அன்று மொட்டை மாடித் தொட்டியையும் சேர்த்துக் காட்டினார்.

அன்று பிடித்த குழப்பம் இன்னும் விடவில்லை. வாயுக்கள் பாடம் வந்தாலே கையில் சாக்பீஸ் நின்றுவிடுகிறது. கணக்கும் போட்டுப் பார்த்தேன். மிச்சமிருந்த காற்று மட்டும் சூடேறி அந்த அழுத்தம் வர வேண்டுமானால், அதற்குள் டயரே உருகி ஓடியிருக்கும். ஒருவேளை நான் சரியாக இறக்கவில்லையோ? வெளியே போன காற்று போக்கிடம் இல்லாமல் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்ததோ? இத்தனை வருடம் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேனோ?

நேற்று சாப்பிடும்போது பொறுக்க முடியாமல் அவளிடமே கேட்டுவிட்டேன்:

"ஏம்மா, உள்ள இருக்கிற காத்து விரியும், சரி. நான் எறக்கிவிட்ட காத்து எப்படிம்மா திரும்பி வந்துச்சு?"