இருநூற்றைம்பத்தாறாவது நிறம்

உலகத்தில் மொத்தம் இருநூற்றைம்பத்தாறு நிறங்கள்தான் இருக்கின்றன, அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் கலர் நானாதான். வானவில்லைக் காட்டினால்கூட, "இதுல புதுசா ஒண்டும் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போகக்கூடியவர்.

மாத்தளை டவுனில் நான் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அச்சகத்தில் அவர் மை கலப்பவர். எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன்; உண்மையான பெயர் என்னவென்று கேட்டால் முதலாளியே கொஞ்ச நேரம் யோசிப்பார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் நாலு குட்டிப் போத்தல்களில் மசாலாத் தூள் இருக்கும்: மஞ்சள், மிளகாய், கறுவா, சாதிக்காய்ப் பூ. எதைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு போத்தலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிறம் சொல்வார். கன்டீன் தேத்தண்ணிக்கும் அதே பரிசோதனைதான். "இது நூத்திப் பன்னெண்டு இல்ல, நூத்திப் பதினாலு. சாயம் கொறச்சல்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவருடைய அடுத்த கோப்பைக்காக எங்கள் எல்லோருடைய தேத்தண்ணியும் காத்திருந்து ஆறிப்போகும்.

இந்த நம்பர்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்றால், எங்களிடம் இருந்த பழைய யுனிக்ஸ் கணினியிலிருந்து. லேபிள்களுக்கு அச்சுப் பிளேட் எடுக்கும் மென்பொருள் அந்த ஒரு மெஷினில்தான் ஓடும். அதனால் ஊரெல்லாம் புதுக் கணினிக்கு மாறிய பிறகும் நாங்கள் அதைக் கட்டிக்கொண்டு அழுதோம். எனக்கு முன்னால் இருந்த ஆப்பரேட்டர் நானாவுக்காக அதில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். இருநூற்றைம்பத்தாறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம், அதற்கு நானா வைத்த பெயர், அந்த நிறம் வர எந்த மையை எவ்வளவு கலக்கவேண்டும் என்ற அளவு.

பெயர்களைக் கேட்டால் தலை சுற்றும். 'ரத்தோட்டை மிளகு, ஈரம்.' 'பல்லேகம வைக்கோல், ரெண்டாம் நாள்.' 'தம்புள்ளை கத்தரிக்காய், லொறியில் நசுங்கியது.' கடைசி இரண்டு கட்டங்கள் 'ரிவர்ஸ்டன் மூடுபனி, காலை', 'ரிவர்ஸ்டன் மூடுபனி, பகல்.' என் கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல்.

"நானா, இதுல ஒன்ன எடுத்துருவோமே. ரெண்டும் ஒன்னுதானே?" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"பகல் பனிய எடுக்கிறதா இருந்தா மொதல்ல என்ன எடுங்க" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் உக்குவளையில் மசாலா பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு மேடத்தின் லேபிள் வேலை வந்தது. மஞ்சள் தூள் பைக்கற்றுக்கு லேபிள். திரையில் திறந்தால் மஞ்சள் பச்சையாக இருந்தது. பாசி பிடித்த கிணற்றுப் பச்சை.

கேபிளை மாற்றினேன். மொனிட்டரை மாற்றினேன். மென்பொருளைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். பச்சைதான். நானா தன் பங்குக்கு, கட்டியிருந்த சாரத்தின் நுனியால் திரையைத் துடைத்தார். "கண்ணாடில எண்ணெய் ஈக்கிது தம்பி" என்றார். பிறகு கிழக்குப் பக்க ஜன்னலை மூடச் சொன்னார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தேன், அவர் மஞ்சள் போத்தலை என் மூக்குக்கும் திரைக்கும் நடுவில் நீட்டிக்கொண்டே நின்றார்.

முதலாளி சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். "இந்தத் திங்கக்கெழம இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கெழம பத்து மணிக்கு மேடம் வர்றாங்க. இந்த ஓடர் போச்சுன்னா, நீங்களும் வேற எடம் பாத்துக்கங்க." வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றரைக்கு ஓர் அதிசயம் நடந்தது. லேபிளைத் திறந்தேன், மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது! இரண்டரைக்கு மறுபடி திறந்தால் பச்சை. நான் மூளையைக் கசக்கி ஒரு முடிவுக்கு வந்தேன். ஜும்ஆ தொழுகைக்காகக் கடைத்தெருவில் பாதிக் கடையும் மில்லும் மூடுகிற நேரம் அது. அப்போது மட்டும் கரண்ட் ஒழுங்காக வருகிறது! முதலாளியை நச்சரித்து ஒரு பெரிய ஸ்டெபிலைசர் வாங்க வைத்தேன். அது 'ம்ம்ம்' என்று உறுமியது, சூடாகியது. லேபிள் பச்சையாகவே இருந்தது.

அடுத்த வெள்ளி நான் மெஷினை விட்டு நகரவில்லை. பன்னிரண்டரைக்கு நானா தொப்பியைப் போட்டுக்கொண்டே வந்தார், என் தோளுக்கு மேலால் கையை நீட்டி, திரையின் மூலையில் சுருங்கிக் கிடந்த ஒன்றைத் திறந்து மூடினார்.

"என்ன நானா மூடினீங்க?"

"நம்மட கலர் டேபிள் தான். நான் பள்ளிக்குத் தொழப் போன நேரம் யாரும் கை வெச்சிட்டா? வந்துதான் தொறக்கிற."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் திரை எட்டு பிட் நிற ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது ஒரே நேரத்தில் இருநூற்றைம்பத்தாறு நிறத்துக்குத்தான் அதில் இடம். கண்டி பஸ்ஸில் முதலில் ஏறிய ஒருவர் எல்லா சீட்டிலும் கைலேஞ்சி போட்டு வைப்பதுபோல, காலையில் முதல் ஆளாக வரும் நானாவின் டேபிள் அத்தனை இடத்தையும் பிடித்து வைத்திருந்தது. பின்னால் வந்த என் லேபிள், கிடைத்த நிறத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. இதைத்தான் நான் பத்து நாளாகக் கேபிளிலும் கரண்டிலும் தேடியிருக்கிறேன்.

உடனே நிற ஆழத்தை இருபத்துநான்கு பிட்டுக்கு மாற்றினேன். மெஷினின் நினைவகம் போதாமல் திரை கறுத்தது. திரையின் அளவைக் குறைத்தேன், வந்தது. ஒரு கோடியே அறுபது லட்சம் நிறங்களுக்கு மேல்! மஞ்சள் தகதகவென்று நின்றது. நானாவின் டேபிள் மட்டும் திறக்க மறுத்தது. பழைய புரோகிராம், எட்டு பிட் இல்லாவிட்டால் அதற்கு ஓடத் தெரியாது.

"என்ட டேபிள் எங்க?"

"ஒரு கோடிக்கு மேல கலர் தந்திருக்கேன் நானா."

"அதுல எத்தனைக்குப் பேர் ஈக்கிது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பத்து மணி. மேடம் வந்தார், முதலாளி பின்னால் நின்றார். நான் பெருமையோடு லேபிளைத் திறந்தேன். பச்சை! காலை ஏழரைக்கே நானா வந்து, பழைய ஆப்பரேட்டர் எழுதிக் கொடுத்த துண்டுக் கடதாசியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, பழையபடி எட்டு பிட்டுக்குக் கொண்டுவந்து, டேபிளையும் திறந்து வைத்திருந்தார்.

"மஞ்சள் தூளுக்குத்தானே லேபிள் கேட்டேன்? கருவேப்பிலைக்கு இல்லியே?" என்றார் மேடம்.

முதலாளி என்னைப் பார்த்தார். என் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகள் கண்முன்னால் வந்தன. "நானா!" என்று நான் போட்ட சத்தத்தில் மெஷின் அறையில் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். காது சுட்டது. நானா ஓடிவந்தார். வந்தவர் திரையைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு மேடத்திடம் திரும்பி, "ஒங்கட தூள் கொஞ்சம் ஈக்கிதா?" என்றார். மேடம் கைப்பையிலிருந்து ஒரு மாதிரிப் பைக்கற்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "நாப்பத்தொண்டு" என்றார். டேபிளில் அளவைப் பார்த்தார், போய் மை கலந்தார், லேபிள் கடதாசியில் விரலால் ஓர் இழுப்பு இழுத்தார். அதன் மேல் அந்தத் தூளைத் தூவினார்.

தூள் எங்கே, மை எங்கே என்று தெரியவில்லை. மேடம் விரலால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். "திரைய மூடிருங்க. இந்த மஞ்சள்தான் வேணும்" என்றார். ஓடர் தப்பியது. என் வேலையும் தப்பியது.

அதற்குப் பிறகு நானும் நானாவும் ஒப்பந்தம் செய்துகொண்டோம்: காலையில் ஒரு மணித்தியாலம் அவருடைய எட்டு பிட், மிச்ச நேரம் என்னுடையது. ஒரு நாள்கூட அவர் சொன்ன நேரத்துக்கு முடித்ததில்லை. முழங்கால் வலி என்று அவர் வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கியபோது, அந்த மெஷினும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் டேபிளைக் கொப்பியில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மிளகு, வைக்கோல், கத்தரிக்காய், காலைப் பனி என்று எழுதிக்கொண்டே கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். பகல் பனியைக் காணவில்லை. அந்த இடத்தில் 'தம்பிட கோவம்' என்று இருந்தது.

மை அறைக்குப் போய் அந்த அளவின்படியே கலந்து பார்த்தேன். நல்ல மிளகாய்ச் சிவப்பாக வரும் என்றுதான் நினைத்தேன். வெள்ளை மைதான் நிறைய ஊற்றச் சொல்லியிருந்தார். பிள்ளைகளின் கன்னம்போல இளஞ்சிவப்பாக வந்தது. நான் போட்ட அத்தனை சத்தத்தையும் அந்த மனிதர் இந்த நிறத்தில்தான் பார்த்திருக்கிறார்.