நொடிக்கு இரண்டாயிரத்து நானூறு

"அஞ்சே நிமிசம் மொதலாளி, அனுப்பிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அசன் முகம்மது பதினொரு மணிக்கு மெட்ராஸுக்கு லைன் போட்டான். பதினொன்று ஐந்துக்குத் திரையைப் பார்த்தான். பத்தில் ஒரு பங்குதான் போயிருந்தது.

ராஜபாளையத்தில் ஐயாதுரையின் நூல் மில்லில் அவன் கம்ப்யூட்டர் ஆபீசர். அனுப்ப வேண்டியது அரசாங்க டெண்டருக்கான முந்நூறு பக்கம்; மொத்தம் ஏழு லட்சத்து இருபதாயிரம் எழுத்து. மெட்ராஸில் இருக்கும் பங்குதாரர், அதாவது முதலாளியின் அண்ணன், கறாராகச் சொல்லியிருந்தார்: பன்னிரண்டு மணிக்குள் வந்து சேரவில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டர்காரனுக்கு வேலை கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் டைப்ரைட்டிங் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன் அதை உதறிவிட்டு இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த நாற்காலியில் இப்போது வேறு ஆள். வீட்டில் ஜரீனா ஏழு மாதக் கர்ப்பிணி.

போன் கம்பி வழியாகக் கடிதம் அனுப்பும் மோடம் என்ற பெட்டியை மதுரைக்குப் போய் வாங்கி வந்தவர் முதலாளியேதான். நொடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு என்று வேகம் போட்டதை வாங்கச் சொல்லி அசன் கெஞ்சினான். "நூல்ல நம்பர் ஏற ஏற இழை மெலிசாயிரும்லா? ஒம்பதாயிரமெல்லாம் பட்டுனு அந்துரும்" என்று இரண்டாயிரத்து நானூறோடு வந்து இறங்கினார்.

ஐயாதுரை எட்டிப் பார்த்தார். "என்னலே, முடிஞ்சிருச்சா?"

"மொதலாளி, தப்பு நடந்துபோச்சு. நொடிக்கு ரெண்டாயிரத்து நானூறுன்னு போட்டிருக்கது எழுத்து இல்ல, பிட்டு."

"பரீட்சைல அடிப்பாங்களே, அதா?"

"இல்ல மொதலாளி. ஒரு எழுத்த எட்டாப் பிச்சா அதுல ஒண்ணு."

"அப்ப எட்டால வகுத்துக்கிர வேண்டியதான?"

"பத்தால வகுக்கணும். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு தொணைக்குப் போகும்."

"எழுத்துக்குத் தொணையா? வயசுப் புள்ளையாலே அது?"

"நொடிக்கு எரநூத்து நாப்பது எழுத்துதான் போகும். அம்பது நிமிசம் ஆயிரும்."

முதலாளி கோபப்படவில்லை. தட்டிக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். இப்படி ஒரு மனிதரிடம் வேலை பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அசனுக்குக் கண் கலங்கியது.

பதினொன்றே காலுக்கு லைன் அறுந்தது.

"ஏலே, போன எடுத்தா குருவி கத்துது!" என்று முதலாளியின் குரல் கேட்டது.

அசன் ஓடினான். இரண்டு அறைக்கும் ஒரே லைன், ரிசீவரை எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து என்று விளக்கினான். முதலாளி ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இருப்பதோ நாற்பத்தைந்து நிமிடம், தேவையோ ஐம்பது. கம்ப்யூட்டரில் வேகத்தை இரட்டிப்பாக மாற்றிப் பார்த்தான். திரை முழுக்கப் பூச்சியும் புழுவுமாக எழுத்துகள் ஊர்ந்தன. அதிலேயே பத்து நிமிடம் பாழ். "யா அல்லா!" என்று தலையில் அடித்துக்கொண்டபோதுதான் சுருக்கும் புரோகிராம் ஞாபகம் வந்தது. முந்நூறு பக்கமும் மூன்று லட்சம் எழுத்தாகச் சுருங்கின. இருபத்தொரு நிமிடம் போதும். அனுப்பத் தொடங்கினான்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி அறுந்தது.

"வீட்ல மோருக்குச் சொல்லலாம்னு எடுத்தேன். மறந்துபோச்சுலே" என்றார் முதலாளி.

மணி பதினொன்று முப்பத்துநான்கு. அசன் யோசிக்கவே இல்லை. முதலாளி அறைக்குப் போகும் போன் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மீண்டும் லைன் போட்டான். உள்ளே இருந்து "ஹலோ, ஹலோ" என்ற சத்தம் விடாமல் கேட்டது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. மெட்ராஸ் அண்ணனே கூப்பிட்டு, "முழுசா வந்திருச்சுப்பா, சபாஷ்!" என்றார். அசன் துள்ளிக்கொண்டு முதலாளி அறைக்குள் ஓடினான்.

"சேர்ந்திருச்சு மொதலாளி! அஞ்சு நிமிசம் மிச்சம்!"

ஐயாதுரையின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் சரிந்தார்.

"நாளைலருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றார்.

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அசன் வெளியே வந்தான். ஜரீனாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முதலாளியின் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் வேல்சாமியிடம் எல்லாவற்றையும் சொல்லி, "நான் என்ன தப்புண்ணே செஞ்சேன்?" என்று அழாத குறையாகக் கேட்டான்.

வேல்சாமி துணியை உதறினார். "ஏன் பாய், மொதலாளியோட சம்பந்தி மில்லும் அதே டெண்டருக்குப் போறதால, அண்ணனுக்கும் தெரியாம நம்ம தாள் பிந்திப் போகணும்னு, இருக்கதுலயே மெதுவான மிசினு எதுன்னு மதுரைல நாலு கடை ஏறி விசாரிச்சில்லா அவரு அத வாங்குனாரு!"