கந்தக டாக்டரும் கோடு போட்ட பிராணியும்

அதிகம் படித்தவனுக்கு எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது. மூக்கில் அடித்தால்தான் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அப்படிப்பட்ட ஆள். கனடாவில், மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். கந்தகச் சேர்மங்களில் டாக்டர் பட்டம். (தபால் பெட்டியிலும் அதை எழுதி ஒட்டியிருந்தேன்.)

ஒரு சனிக்கிழமை மனைவி கோமதியோடு சினிமாவுக்குப் போனேன். பெரிய படத்துக்கு முன்னால் ஒரு குட்டிக் கார்ட்டூன் போட்டார்கள். ஒரு நாய், ஸ்கங்க் என்ற பிராணியைத் துரத்துகிறது. பூனை அளவு, கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு. அது வாலைத் தூக்கியதும் பச்சை நிறத்தில் நாற்றப் புகை கிளம்புகிறது. நாய் மயங்கி விழ, பக்கத்து மரம் இலையெல்லாம் உதிர்க்கிறது. அரங்கமே சிரித்தது. நான் மட்டும் கோமதியின் காதில் வகுப்பெடுத்தேன்.

"சுத்தப் புளுகு. இத்துனூண்டு உடம்புல அவ்வளவு கந்தகம் இருக்கவே முடியாது."

"ஏங்க, கொஞ்சம் படத்தைப் பாக்க விடுங்க."

அடுத்த வாரம் வெளியூர் கிளம்பிய துறைத் தலைவர், தன் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். என் வேலையை நிரந்தரமாக்குவது அவர் கையில் இருந்தது. "நாய் என்றால் எனக்கு உயிர்" என்று வாங்கிக்கொண்டேன். (நாயைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறவன் நான்.)

ஞாயிறு சாயங்காலம், பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுப் பின்சந்தில் நாயோடு நின்றேன். குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து கோடு போட்ட பிராணி ஒன்று வந்தது. நாய் ஒரு பார்வை பார்த்தது. சங்கிலியை உருவிக்கொண்டு மாடிப்படியேறி, வீட்டுக்குள் போய்விட்டது.

மேலேயிருந்து கோமதி கத்தினாள். "ஏங்க, சினிமால வந்ததுங்க அது! உள்ள வாங்க!"

"சினிமா வேற, விஞ்ஞானம் வேற," என்று சொல்லிவிட்டு, இன்னும் கிட்டே போய் "ச்சூ" என்றேன்.

அது முன்காலால் தரையைத் தட்டியது. திரும்பிக்கொண்டது. வாலைத் தூக்கியது.

(புகை பச்சையாக இல்லை. கார்ட்டூனில் இருந்த ஒரே தப்பு அதுதான்.)

கண்ணில் நீர் கொட்டத் தட்டுத்தடுமாறிப் படியேறினேன். கதவு சாத்தியிருந்தது.

"அங்கயே நில்லுங்க! உள்ள நாய் இருக்கு, அதுக்கு ஏதாவது ஆயிடப்போவுது!"

மேல்மாடியிலிருந்த கிரேக்க அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தொமாட்! தொமாட்!" என்று பிரெஞ்சில் வைத்தியம் சொன்னாள். ரசத்துக்கு வைத்திருந்த தக்காளியையெல்லாம் கோமதி பிசைந்து, ஜன்னல் வழியாக என் தலையில் ஊற்றினாள். நாற்றம் போகவில்லை; அதோடு தக்காளி வாசனையும் சேர்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா துறைத் தலைவரின் கார் சந்துக்குள் வரவேண்டும்? கோமதி நாயை வெளியே விட, அது என்னைத் திரும்பியும் பார்க்காமல் ஓடிக் காரில் ஏறியது. அவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தக்காளி வழிய வழிய நான் கீழே இறங்கினேன். விளக்கம் சொல்லாவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம்.

"அங்கேயே நில்!" என்று அலறினார்.

"சார், என் வேலை விஷயமா ஒரு வார்த்தை..." இன்னொரு அடி வைத்தேன்.

"நிரந்தரம்! நாளைக்கே கையெழுத்துப் போடறேன்! கிட்ட மட்டும் வராதே!"

சொன்னபடி செய்தார். ஓய்வுபெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தேன். லவாலில் வீடும் வாங்கினேன். போன மாதம் எங்கள் மகள், பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்று போன் செய்தாள். நான் வாழ்த்துச் சொல்வதற்குள் கோமதி போனைப் பிடுங்கிக் கேட்டாள்:

"எவ்வளவு தூரம் தள்ளி நின்னு கேட்டே?"